கதவுக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு

ஓசூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள லிஜாவுக்கு,

பெட்டியில் நான்கு மோட்டார்களும் இரண்டு பேட்டரிகளும் இருக்கின்றன. அவை உன் ஆய்வகத்துக்கு. கடிதம் மட்டும் உனக்கு. போனை எடுத்தால் "நீங்க இங்க வாங்க", "நீ இங்க வா" என்று கத்தித்தான் வைக்கிறோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதுவரைக்கும் லாபம்.

உன் கல்லூரியும் என் கம்பெனியும் சேர்ந்து மழையில் பறக்கிற டிரோன் செய்வதென்று முடிவானதும், இரண்டு பக்கத்துக்கும் ஒருங்கிணைப்பாளர்களாக நம்மையே போட்டுவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் வேலை மளமளவென்று நடக்கும் என்றார் எங்கள் எம்.டி. நல்ல மனிதர். நாம் ஆளுக்கொரு ஊரில் முறுக்கிக்கொண்டு இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு உதவி. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் என் நீல மழைக்கோட்டு தொங்கும். பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது அதையும் வைத்துவிடு. அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இங்கே ஸ்கூட்டரில் தினமும் நனைகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஜினோ


தக்கலை,
21 ஜூன் 2025

அன்புள்ள அத்தான்,

மோட்டார்கள் வந்து சேர்ந்தன. ஒன்றுக்குத் திருகாணிகள் இல்லை. அதற்குத் தனியாக "மதிப்பிற்குரிய ஐயா" என்று அலுவலக மெயில் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

இங்கே மழை விட்ட பாடில்லை. டிரோன் தூறலைத் தாங்குகிறது. கொஞ்சம் வலுத்தால் நடுவில் இருக்கிற மின்சுற்றுப் பலகையில் தண்ணீர் இறங்கி, பொத்தென்று விழுந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு நந்தனாவுக்கு வீடு அருமனை. அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. மழைக்காலத்தில் பால் வடிகிற இடம் நனையாமல் மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவள். "மேடம், மரத்துக்குக் கெட்டுத மாதிரி இதுக்கும் ஒண்ணு கெட்டிப் பாக்கட்டா?" என்றாள். கட்டினாள். இறக்கைகளின் காற்றில் பிளாஸ்டிக் கிழிந்து பறந்தது. கிழியாத, கனமில்லாத துணி தேடிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டு அனுப்பவில்லை. பெட்டியில் இடமில்லை. நீங்கள் நனைகிறீர்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் இருக்கிற ஒன்றையும் அனுப்பிவிட்டால் அப்புறம் இந்த வீட்டுக்கு வர உங்களுக்கு என்ன காரணம் இருக்கும்?

லிஜா


ஓசூர்,
6 ஜூலை 2025

அன்புள்ள லிஜாவுக்கு,

பெட்டியில் பாதிக்குப் பழைய பேப்பர்தான் இருந்தது. இடமில்லையாம்.

ஒப்பந்தத்தின் வரைவு இந்த வாரம் உங்கள் முதல்வருக்கு வரும். கூட்டு முயற்சியில் உருவாகிற எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கும். பார்த்ததும் கொதிக்காதே. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் எழுதும். கையெழுத்து ஆனால்தான் அடுத்த உதிரிபாகங்களை அனுப்ப முடியும். பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கிடைக்கும். சம்மதம் சொல்லிவிடு.

உன் கடைசி வரியை நாலைந்து முறை படித்தேன்.

ஜினோ


தக்கலை,
18 ஜூலை 2025

அன்புள்ள அத்தான்,

செவ்வாய்க்கிழமை டிரோன் மழையில் பறந்தது. மைதானத்தின் மறுகோடி தெரியாத மழை. புதுத் துணியில் தைத்த பாவாடையோடு மேலே போய், பேட்டரி தீருகிறவரை நின்று, சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்தது. திறந்து பார்த்தால் பலகையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நந்தனா அழுதுவிட்டாள். கேன்டீன்காரர் மத்தியாஸ் அண்ணன் எல்லாருக்கும் பழம்பொரி கொடுத்தார். அங்கே நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

வரைவைப் படித்தேன். சம்மதம் சொல்ல மாட்டேன். நந்தனாவின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. யோசித்தவள் அவள், நனைந்தது நாங்கள், சொந்தம் மட்டும் உங்களுக்கா? "வேலைய விட்டுட்டு ஓசூர் வா, இங்க எல்லாம் இருக்கு" என்று நீங்கள் சொன்ன அன்றும் எனக்கு இப்படித்தான் இருந்தது. வெறும் அறையாகக் கிடந்ததை நான் ஆய்வகமாக்கியது உங்கள் கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. அந்தப் புதுத் துணி உங்கள் மழைக்கோட்டு. கடை கடையாக ஏறி இறங்கியும் வேறு எதுவும் சரிப்பட்டு வரவில்லை. நானேதான் வெட்டினேன். முதுகும் வலது கையும் போய்விட்டன. மிச்சம் அதே ஆணியில் தொங்குகிறது. கோபம் என்றால் எழுதுங்கள், போன் பண்ண வேண்டாம்.

லிஜா


ஓசூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லிஜாவுக்கு,

கோபம் வரவில்லை. உன் கடிதம் வந்த இரவு, நீ கத்திரிக்கோலோடு அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாள் எம்.டி.யிடம் போனேன். யோசனை நந்தனாவுடையது, கோட்டு என்னுடையது, வெட்டியது என் மனைவி, இதில் கம்பெனிக்கு எப்படி முழுச் சொந்தம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு, மோட்டார் நம்முடையது என்றார். அதுவும் நியாயம்தானே. பேச்சு பல வாரம் இழுத்தது. கடைசியில் கல்லூரிக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி, கண்டுபிடித்தவர் இடத்தில் நந்தனாவின் பெயர் என்று எழுத ஒத்துக்கொண்டார்கள். திருத்திய வரைவு பெட்டியில் இருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. ஐப்பசி மழையில் சோதனை முழுக்க அங்கேயே நடக்க வேண்டும். கம்பெனி ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அந்த மழைக்குப் பயந்து இங்கே எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் போகிறேன் என்றேன். மழை முடிந்த பிறகும் உன் ஆய்வகத்தில் கம்பெனிக்கு ஒரு மேசை நிரந்தரமாக இருக்கட்டும், அதில் நானே உட்காருகிறேன் என்றும் கேட்டேன். சரி என்றுவிட்டார். நீ கட்டிய இடத்தில் வேலை பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது, லிஜா.

விருந்தினர் விடுதியில் அறை போடட்டுமா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் நான் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டேன். நீ சொல்.

ஜினோ


தக்கலை,
5 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தான்,

முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நந்தனா தன் பெயர் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் எனக்குப் போன் செய்து, "மேடம், இந்தப் பாவாடைய நாங்க எத்தனை மரத்துக்குக் கெட்டியிருக்கோம், இது பறக்கும்னு ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விருந்தினர் விடுதி ஒழுகுகிறது. ஒழுகாத அறை ஒன்றிரண்டு இருந்தாலும், நீங்கள் வருவதற்குள் அவையும் ஒழுகும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே அறை போட வேண்டாம்.

ஆய்வகத்தில் ஜன்னல் பக்கத்து மேசை என்னுடையது. அதைக் கேட்கக் கூடாது. சண்டை வரும், வரட்டும், நேரில் வரட்டும். வருகிற நாளை மட்டும் சொல்லுங்கள், நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

நேற்று மார்த்தாண்டத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். நீலம் கிடைக்கவில்லை, பச்சைதான். கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். இதை எந்தப் பெட்டியிலும் வைத்து அனுப்ப மாட்டேன்.

உங்கள் லிஜா