பேசிக்கொண்டே ஓடியவர்

குண்டூர் நாடு, கொல்லிமலை
9-10-1958

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னம்மாள் எழுதுவது. இங்கே நலம். நீங்கள் நலமாக இருந்தால் ஒரு கார்டாவது போட்டிருப்பீர்கள் என்பதால், நலமில்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆடியில் நம் ராமாயியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தோம். பிள்ளையின் காரியம் முடிந்த கையோடு, பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் மலையிறங்கிப் போய்விட்டீர்கள். சேலத்து மில்லில் வேலைக்குச் சேர்ந்ததைக்கூட ராசு அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேழ்வரகுக்குக் களையெடுக்க நான் ஒருத்திதான். "அவரு வரமாட்டாரு கண்ணு, நீ நம்ம ஊட்டுக்கே வந்துரு" என்கிறார் அண்ணன்.

தை வரை பொறுப்பேன். அதற்குள் வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டு என்னை அழைத்துப் போங்கள். இல்லை, நீங்கள் வந்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். போனால் திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பொன்னம்மாள்


சேலம்
21-10-1958

பொன்னம்மாளுக்கு,

செங்கோடன் எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. தை மாதம் மில்களுக்குள் ஆறு மைல் ஓட்டப் பந்தயம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் வேலை நிரந்தரம். குடியிருக்க லைன் வீடும் கொடுப்பார்கள். மலைக்காரன் நன்றாக ஓடுவான் என்று என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஷிப்டு முடிந்ததும் மைதானத்தில் ஓடுகிறேன். மூன்றாவது மைலில் வாந்தி வருகிறது. எங்களைப் பழக்குகிற மாதேஸ்வரன், "இன்னும் வேகமா!" என்று விசில் ஊதுகிறார். வேறு விசேஷமில்லை.

செங்கோடன்


குண்டூர் நாடு
3-11-1958

அன்புள்ள மாமாவுக்கு,

"வேறு விசேஷமில்லை" என்று எழுத உங்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ. அது கிடக்கட்டும்.

வாந்தி எடுக்கிறவரை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறவருக்குத்தான் புத்தி இல்லை. அதைக் கேட்கிற உங்களுக்கு எங்கே போயிற்று? சேந்தமங்கலத்திலிருந்து உப்பு மூட்டையோடு நாம் ஓடியா ஏறுகிறோம்? பேசிக்கொண்டே ஏறுகிறோம். ஒருவர் பேச்சு நின்றுபோனால், "மூட்டைய எறக்கி வெச்சுட்டு உக்காருங்க" என்கிறோம். வாய் பேச முடிகிற வேகம்தான் உடம்பு தாங்கும் வேகம். அப்படியே ஓடுங்கள். யார் சிரித்தாலும் மெதுவாகவே ஓடுங்கள். முதலில் தூரம் பழகட்டும், வேகம் தானாக வரும். பிறந்ததிலிருந்து மலையேறுகிற உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது!

பொன்னம்மாள்


சேலம்
2-12-1958

பொன்னம்மாளுக்கு,

உன் பேச்சைக் கேட்டு மானம் போகிறது. எல்லாரும் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறார்கள். தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது? வேறு வழியில்லாமல் உன்னோடு பேசிக்கொண்டு ஓடுகிறேன், வாய்விட்டு. செங்கோடனுக்குப் பைத்தியம் என்று மில் முழுக்கப் பேச்சு. "ஏனப்பா, இது ஓட்டமா, மாமியா ஊட்டு விருந்துக்குப் போற நடையா?" என்று மாதேஸ்வரன் கத்துகிறார்.

ஆனால் ஆறு மைலும் ஓடி முடிக்கிறேன். வாந்தி இல்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே, போன மாதத்தைவிட வேகமாகவும் ஓடுகிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

செங்கோடன்


குண்டூர் நாடு
15-12-1958

மாமாவுக்கு,

என்னோடு பேசுகிறீர்களாம்! சேலத்து மைதானத்துக்கெல்லாம் கேட்கிறது, எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி என்னதான் பேசுகிறீர்கள்? எழுதினால் கை தேய்ந்தா போகும்? அண்ணன் இரண்டு முறை வந்துவிட்டுப் போனார்.

பொன்னம்மாள்


சேலம்
20-1-1959

பொன்னம்மாளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. பாதி தூரம் வரை நான்தான் கடைசி. பிறகு, முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பேசிக்கொண்டே தாண்டினேன். கடைசி மைலில் எனக்கு முன்னால் ஒருவன்தான். மாதேஸ்வரன் சைக்கிளில் கூடவே வந்து, "பேசு சாமி, பேசு!" என்று கெஞ்சினார்.

என்ன பேசினேன் என்று கேட்டிருந்தாய். எல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். பலாச்சுளையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே அவள் தூங்கிப் போனது. நீ கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை மாமா என்று கூப்பிட்டது. இத்தனை நாளும் பிள்ளை, பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு ராமாயி என்று பெயர் வாயில் வந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

பேச்சு நின்றால் உட்காருகிற பழக்கம். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனாலும் எழ முடியவில்லை. மாதேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து ஓடி ஐந்தாவதாக வந்தேன். வேலை நிரந்தரமில்லை, வீடும் இல்லை.

நான் வரலாமா?

செங்கோடன்


குண்டூர் நாடு
27-1-1959

அன்புள்ள மாமாவுக்கு,

எழுந்து ஓடத் தெரிந்தவருக்கு, இரண்டாவது ஆள் தாண்டிப் போவதற்கு முன்னால் எழத் தெரியாதா? நல்ல காலோடு பந்தயத்தில் உட்கார்ந்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கோபத்தில் கடிதத்தை விறகுக் குவியலில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

அவள் உங்களை மாமா என்று கூப்பிட்டதை நான் மறந்தே போயிருந்தேன். அழுதேன். நான் அழுவேன் என்று பயந்து இங்கே யாரும் அவள் பெயரையே சொல்வதில்லை. நீங்களும் பெயரைச் சொல்ல முடியாமல்தான் ஓடிப் போனீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

அண்ணனிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க வேண்டும். வெறுங்கையோடு ஏறலாம் என்று நினைக்காதீர்கள். வேலையைக் கோட்டைவிட்டதற்குத் திட்ட எவ்வளவோ இருக்கிறது. வழிநெடுகத் திட்டுவேன். நீங்கள் குறுக்கே பேச வேண்டும்.

இப்படிக்கு,
பொன்னம்மாள்