கையில் ஊசி போடுவது என் வேலை

டெய்லரம்மா,

டிபன் மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குப் பிளம்பர் வருவார், சாவி ஆணியில்.

நேற்று என் தங்கை நம்மை இரண்டு நாள் தங்க வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, "அவளால எங்க வர முடியும், பாவம்" என்று போனில் சொன்னேன். என் நாக்கில் சனி. உன் காதில் விழுந்துவிட்டது.

உனக்கு இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்து ஏழு வருடம். வாரம் மூன்று ஊசி. தொடை, வயிறு எல்லாம் நீயே போட்டுக்கொள்வாய். கையின் பின்புறம் எட்டாது என்று அது மட்டும் என் வேலை. நேற்று கையில் போடும் நாள். கோபத்தில் நீ என்னைக் கூப்பிடவில்லை. நாற்காலி முதுகில் கையை அழுத்தி, சதையை முன்னால் தள்ளி, நீயே குத்திக்கொண்டாய். கதவோரம் நின்று பார்த்தேன். பஞ்சை எறிந்துவிட்டுப் பாதியில் விட்ட ஜாக்கெட்டைத் தைக்க உட்கார்ந்துவிட்டாய். ரத்தப் பரிசோதனைக்கே சுவரைப் பார்க்கிற ஆள் நான்.

தங்கையிடம் இப்போதுதான் சொன்னேன்: "ரெண்டு பேரும் வர்றோம். அண்ணி மருந்துக்கு ஃபிரிட்ஜ்ல இடம் பண்ணி வை."

பி.கு.: கைக்கு அடுத்த முறை வெள்ளிக்கிழமை வருகிறது. நான் இல்லாமலும் உன்னால் முடியும், தெரிந்துகொண்டேன். இருந்தாலும் அதை எனக்கு விட்டுவை.