ஒகையோவில் கண்மூடிய ரெனாட்டே அக்காவுக்கு

என் ரெனாட்டே அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஜேர்மன் மொழியில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. உங்களோடு சண்டை பிடிக்க அந்த மொழி எனக்குப் போதும். உங்களை நினைத்து அழப் போதவில்லை. ஜேர்மனில் உங்களை ஒருமையில்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுதும்போது 'நீ' என்று எழுதக் கை மறுக்கிறது.

ஜேர்மனியின் ஹம் நகரத்து ஆஸ்பத்திரிக் குசினியில் எதிரெதிரே நின்று உருளைக்கிழங்கு தோல் சீவியவர்கள் நாங்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மூத்தவன் பிறந்தபோது அவனுடைய அப்பா தொழிற்சாலையில் நிற்க, பிரசவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். அன்றைக்குத்தான் என் வாயில் 'அக்கா' வந்தது. "அதென்ன சொல்?" என்று கேட்டீர்கள். "எனக்கு முன்னம் பிறந்தவ," என்றேன். அதன்பிறகு வேறு பெயரில் கூப்பிட நீங்கள் விட்டதில்லை.

பிறகு டேவிட் வந்தார். உறவினரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த மெக்கானிக். அந்தக் கோடை முடிவதற்குள் அவரோடு போக நீங்கள் பெட்டி கட்டிவிட்டீர்கள். "அழாதை. ரெண்டு வருசத்திலை திரும்பி வந்திடுவம்," என்றீர்கள் ஸ்டேஷனில். நீங்கள் பேசிய ஜேர்மன் முழுவதும் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது. உங்கள் அம்மாவின் செத்தவீட்டுக்கு ஒருமுறை வந்தீர்கள். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் தொலைபேசியில். ஒகையோவில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஒரே மகள் எமிலி. ஒருநாள் நீங்கள் சொன்னது மறக்காது. "இஞ்சை கடையிலை வாய் திறந்தவுடனை எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கினம், வசந்தி. எத்தினை வருசமாச்சு, இன்னும் கேக்கினம். ஹம்மிலை உன்னட்டையும் இப்பிடித்தானே கேட்டவை? நான் பக்கத்திலைதான் நிண்டனான். உனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை."

எமிலியை எவரும் அப்படிக் கேட்கக்கூடாது என்று அவளுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் பழக்காமல் விட்டீர்கள். சரியா பிழையா என்று நான் கேட்கவில்லை. என் பிள்ளைகளோடு நானும் தினமும் அதே யோசனையில்தான் கிடந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் எமிலி அழைத்தாள். டேவிட் இறந்து சில வருடங்களாகியிருந்தது. உங்களுக்குப் பாரிசவாதம். என் பள்ளிக்கூட இங்கிலிஷை வைத்துக்கொண்டு அவள் சொன்னதைப் பிடித்தேன். "அம்மாவுக்கு இங்கிலிஷ் போயிட்டுது. ஒரே வசனத்தை ஜேர்மனிலை திருப்பித் திருப்பிச் சொல்லுறா. நோவிலை கத்துறா எண்டு நித்திரை மருந்து குடுக்கினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." போனை உங்கள் காதில் வைத்தாள்.

"வசந்தி, யன்னலைத் திறக்கச் சொல்லு. இவையளுக்கு விளங்குதில்லை. எனக்குக் காத்து வேணும்."

பனி கொட்டினாலும் காலையில் யன்னலை அகலத் திறந்துவிடுகிற ஆள் நீங்கள். எமிலியிடம் சொன்னேன்.

"இந்த ஆஸ்பத்திரியிலை யன்னல் ஒண்டும் திறக்கேலாது," என்றாள்.

"அப்ப அம்மாவை வீட்டை கூட்டிக்கொண்டு போ, பிள்ளை."

வைத்தியர்களுக்கு விருப்பமில்லை. அவள் விடவில்லை. உங்களைக் கொண்டுபோய்க் கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் கத்தவில்லையாம். ஒவ்வொரு நாளும் நான் பேசினேன். இங்கத்தைய மழை, பிந்தி வருகிற ரயில், பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைத்தது, எல்லாம். கடைசித் தடவை நீங்கள் கேட்டீர்கள்: "நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"ஹம்மிலை, அக்கா."

"நல்லது. அங்கையே நில். நான் வாறன்."

அடுத்தநாள் நீங்கள் போய்விட்டீர்கள், திறந்த யன்னலுக்குப் பக்கத்தில். போகிறவர்கள் 'வாறன்' என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் பழக்கம். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எந்த ஹம்முக்கு வர நினைத்தீர்கள், அக்கா? நாங்கள் நின்ற குசினி இப்போது இல்லை. சாப்பாடு வெளியிலிருந்து மூடிய தட்டுகளில் வருகிறது.

இந்த வசந்தத்தில் எமிலி வந்தாள். எசன் நகரத்தில் வேலை செய்கிற என் மூத்தவன்தான் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தான். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டாள். தலையைச் சரித்துப் பார்ப்பதில் அப்படியே நீங்கள். குசினியையே சிரிக்கவைத்த உங்கள் பகிடிகளைப் பற்றி நான் பேச்செடுக்க, அவள் திகைத்துப் பார்த்தாள்.

"அம்மாவோ? அம்மா பகிடி விடமாட்டா. அவ அமைதியான ஆள்."

தலைமைச் சமையல்காரரின் நீளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தட்டில் ஒரு பூக்கோசை வைத்து அரசிக்குக் கொண்டுபோவதுபோல் அவருக்குப் பின்னால் நடந்தீர்களே, அதை எழுந்து நடந்து காட்டினேன். எமிலி முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இந்த மனிசியை எனக்குத் தெரியாது," என்றாள். இங்கிலிஷில் நீங்கள் ஒருநாளும் பகிடி விட்டதில்லையா, அக்கா? அவ்வளவு வருடமும் அதையெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அழைக்கிறேன். உங்கள் பகிடி ஒன்றை முதலில் ஜேர்மனில் சொல்வேன், பிறகு என் உடைந்த இங்கிலிஷில். என் இங்கிலிஷுக்குக் காத்திராமல் அவள் சிரிக்கிற ஒரு ஞாயிறு வரும். அதுவரை நான் நிறுத்தமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
எமிலியின் சின்னம்மா,
வசந்தி
ஹம்