காணாமப்போன பச்சைப் புள்ளி

என் தங்கக் கட்டிக்கு, சித்தி எழுதுறது. ஆண்டவன் புண்ணியத்துல நானும் சித்தப்பாவும் சுகம். அவரோட முழங்கால் வலி மட்டும் வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி கிளம்ப மாட்டேங்குது. நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். போன் இருக்கையில காகிதம் எதுக்குன்னு கேப்பே. போனைக் கையில எடுத்தாலே இப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, அதான்.

உன் கோவம் தெரியும். தலையில சோப்பு நுரையோட வெளிய வந்தவ முன்னாடி வீட்டுக்காரம்மாவும் பூட்டு உடைக்கிற ஆளும் நின்னா யாருக்குத்தான் கோவம் வராது. ஆனா என் பக்கத்தையும் கேளு. உன்னைப் பெத்தது எங்க அக்கான்னாலும் வளர்த்தவ நான். நான் உன் கல்யாணப் பேச்சை எடுத்ததிலிருந்து நீ பேசுறதையே குறைச்சுட்டே, நானும் நச்சரிக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். காலையில சாமி கும்பிட்ட கையோட போனை எடுத்து உன் பேருக்குப் பக்கத்துல அந்தப் பச்சைப் புள்ளி இருக்கான்னு மட்டும் பாப்பேன். இருந்தா, பிள்ளை ஆஸ்பத்திரி லேப்ல ராத்திரி வேலை முடிச்சு ரூமுக்கு வந்துட்டா, போனை நோண்டிக்கிட்டிருக்கான்னு அர்த்தம். அப்புறம்தான் எனக்குத் தொண்டையில காபி இறங்கும்.

வந்ததே வினை. புதுசா மாத்தியிருக்கோம், ஏத்திக்கிறீங்களான்னு ஒரு பெட்டி போன்ல எப்பப் பார்த்தாலும் குறுக்க வந்து நிக்கும், நானும் பிறகு பிறகுன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். உன் சித்தப்பா, சனியன் இத்தோட ஒழியட்டும்னு சரியை அமுக்கிட்டார். மறுநாள் திறந்தா எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாம தூங்கையில எவனோ அடுக்களைக்குள்ள புகுந்து உப்பு டப்பாவையும் சீனி டப்பாவையும் இடம் மாத்தி வெச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. பேசுற பொத்தான் இருந்த இடத்தைத் தொட்டா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி ஆட ஆரம்பிக்கிறா. அதையும் பொறுத்துக்கிட்டேன். உன் பேர் இருக்கு, புள்ளியைக் காணோம். அடுத்த நாளும் காணோம். கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்க ஆள் இல்ல. நீ ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்ததும், போன் லாக்கர்ல கிடந்ததும் எனக்கு எப்படித் தெரியும். அவசரத்துக்குன்னு நீ குடுத்திருந்த நம்பர்ல வீட்டுக்காரம்மாவைப் பிடிச்சு, கதவை உடைச்சாவது பாருங்க தாயேன்னு அழுதது நான்தான். அதுக்குள்ள நீ ரூமுக்கு வந்து குளிச்சுக்கிட்டிருந்ததும், கதவு தட்டினது உனக்குக் கேக்காததும் எங்களுக்கு எப்படித் தெரியும்.

அப்புறம் போன் கடைக்காரத் தம்பிகிட்டப் போனேன். கம்பெனிக்காரங்களே எல்லாருக்கும் புள்ளியை மறைச்சுட்டாங்க, வேணுங்கிறவங்க அவங்களே திரும்பப் போட்டுக்கணும்னு சாதாரணமாச் சொல்றான். இதை யாரு கேட்டா சொல்லு. எடுக்கப் போறோம்னு ஒரு வார்த்தை பெரிய எழுத்துல போட்டிருக்கக் கூடாதா. எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு, அவனுக்கு அது ஒரு பொத்தான்.

ஆனா அதைவிடப் பெரிய அதிர்ச்சி நீ குடுத்ததுதான். என்னைத் திட்டுற வேகத்துல, சித்தி, உன் புள்ளியும்தான் ரெண்டு நாளாக் காணோம், நான் போயி யார் கதவையாவது உடைச்சேனான்னு கேட்டே. கேட்டுட்டு அப்படியே நிறுத்திட்டே, அப்புறம் போனை வெச்சுட்டே. சித்தப்பா ஓடிவந்து, பிள்ளைக்கு என்னாச்சு, என்னாச்சுன்னு உலுக்குறார், நான் கட்டான போனை இன்னும் காதுலயே வெச்சிருக்கேன். இத்தனை நாளும் நான் ஒருத்திதான் பாக்குறேன்னு நினைச்சிருந்தேன்டி.

இனிமே கல்யாணப் பேச்சை நானா எடுக்க மாட்டேன், இது சாமி முன்னாடி சொல்றது. கடைக்காரத் தம்பி என் புள்ளியைத் திரும்பப் போட்டுக் குடுத்துட்டான், ஆனா கம்பெனிக்காரங்க நாளைக்கே அதை என்ன பண்ணுவாங்களோ. அதனால இதுக்குள்ள நம்ம விலாசம் எழுதின கவர் ஒண்ணு வெச்சிருக்கேன். பேச மனசில்லன்னா பேச வேணாம், ஒரு தாள்ல பச்சைப் பேனாவால ஒரு புள்ளி வெச்சு அனுப்பு, போதும். வீட்டுக்காரம்மாகிட்டப் பூட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. ஈரத் தலையோட வேலைக்கு ஓடாதே. ஆண்டவன் உன் கூடவே நிப்பான், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த சித்தி

என் கையெழுத்துக்குப் பக்கத்துல பச்சையா இருக்கே, அது மை சிந்தினது இல்ல.