விட்பிக்குப் போய்வந்த ஞாயிறு

இன்று பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த பெண்ணின் தலையிலிருந்து நீ பூசும் தேங்காய்க் களிம்பின் மணம் வந்தது. "எங்கட எண்ணெயைக் களவெடுத்துப் பூசுறாய்" என்று உன்னை எத்தனை தரம் சீண்டியிருப்பேன். "எல்லாத் தேங்காயிலயும் உன்ர பேர் எழுதியிருக்கோ?" என்று நீயும் விடமாட்டாய். இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் தெரியாது, அதனால் பிழை பிடிக்கமாட்டாய்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடித்தபடிதான் உன் அண்ணனைப் பற்றிச் சொன்னாய். அமெரிக்காவின் தெற்கே, கறுப்பருக்குச் சாப்பாட்டுக்கடையின் பின்வாசல் மட்டும் என்றிருந்த காலம். அவன் முன்வாசலால் போய், வெள்ளையர் இருக்கும் கதிரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தான். மறுநாள் ஆற்றில் கிடந்தான். தவறி விழுந்தான் என்று எழுதிப் பொலிஸ் மூடிவிட்டது. தென்னாபிரிக்காவில் கறுப்பர்கள் முதன்முதலாக வாக்குப் போட்டதை டிவியில் பார்த்த வருடம், கொன்றவர்களின் பெயராவது தெரியவேண்டும் என்று நீ தேடத் தொடங்கினாய். அந்தக் கடையில் கோப்பை கழுவிய கிழவர் இங்கே பக்கத்து ஊரான விட்பியில் மகள் வீட்டில் இருப்பது உங்கள் தேவாலயத்து ஆட்கள் மூலம் தெரியவந்தது. ஒரு ஞாயிறு என் பழைய காரில் போனோம்.

கிழவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவன் குடித்த கிளாஸை உடைக்கச் சொன்னார்கள், உடைத்தேன் என்றார். அவனைத் துரத்திப் போனவர்கள் யார் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "பார்த்துக்கொண்டு எப்பிடி ஐயா வாய் திறக்காமல் இருந்தனீங்கள்?" நீ என் கையை அமுக்கினாய்.

திரும்பும் வழியில் உன்னை வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாமி, என் கணவரின் தாய், தேத்தண்ணி கொண்டுவந்தா. எங்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். உனக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய, பலூன் படம் போட்ட கடதாசிக் கப். ஊரில் சாதி பார்த்து வேறு பாத்திரம் வைத்த அதே கை. எனக்கு விளங்கியது. எதற்கெடுத்தாலும் வாயடிக்கும் நான், உன்னிடம் சீனி போதுமா என்று கேட்டேன்.

நீ முழுவதும் குடித்தாய். கப்பைக் குப்பையில் போடாமல் எங்கள் கிளாஸ்களோடு சேர்த்து மேசையில் வைத்தாய்.

அடுத்த ஞாயிறும் விட்பிக்குப் போனோம். நான் தலை குனிந்தபடி இருந்தேன். "உவள் இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார் கிழவர்.

"இல்லை. இண்டைக்கு நான்தான் கேக்கிறன்" என்றாய்.

கிழவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். இரண்டு பேரும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. போன மாரியில் நீயும் போய்விட்டாய்.

அந்தக் கப்பைப் பற்றி நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்: "மாமிக்கு வயசு போட்டுது, குறை நினையாதை." சலவைக்கூடத்தில் உன் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அது நாக்கு நுனியில் நின்றது. இப்போதும் நிற்கிறது.