உன் பெயருக்குப் பின்னால் ஒரு பி.காம்.

இன்று காலை திருநகர் வீட்டுக்குக் கூரியரில் ஓர் அழைப்பிதழ் வந்தது. தங்க நிற ஓரம், வழவழப்பான அட்டை. பிரித்ததும் கல்யாணப் பத்திரிகை வாசம் அடித்தது. உள்ளே உன் படம். நாம் படித்த கல்லூரியில் உன் நினைவாக மகளிர் டென்னிஸ் கோப்பை தொடங்குகிறார்களாம். இரட்டையர் ஆட்டத்தில் உன் ஜோடி என்பதால் நான் மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உன் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் உன்னை முடிக்கவிடாத பி.காம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் உனக்கு இரண்டு வழி இருந்தது. நகருக்குள் இருக்கும் பழைய கல்லூரி, உன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பாதிக் கட்டணம் போதும் என்றது. அங்கே நீ டென்னிஸ் ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி. திருமங்கலம் தாண்டிப் பொட்டல்காட்டில் முளைத்திருந்த இந்தக் கல்லூரியோ படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம் என்றது, இருவரும் ஜோடியாகச் சேர்ந்தால். என் மதிப்பெண்ணுக்கு வேறு எவரும் என்னைச் சீந்தவில்லை. நீ வந்தால்தான் எனக்கு இடம்.

நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாய். அவர்கள் யோசிக்க விடுவார்களா? மறுநாளே அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் நம் இருவர் படத்தோடு பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘எங்கள் கல்லூரியில் இணையும் தங்க மங்கைகளே, வருக!’ உன் அப்பா லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஊரே பார்த்த பிறகு அந்த மனிதரிடம் போய், அங்கே சேரப்போவதில்லை என்று எந்த மகள் சொல்வாள்? ஒரு பிளெக்ஸ் துணியில் ஆளைப் பிடிக்கிற வித்தையை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

சேரப் போன அன்று தாளாளர் கைபேசியைப் பார்த்தபடியே, “ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டாந்திருக்கீங்களாம்மா?” என்றார். “ஜெராக்ஸ் மட்டும் குடுப்போம்டி” என்று என் காதில் சொன்னாய். பிறகு அவரைப் பார்த்து நேராகவே கேட்டாய்.

“தோத்தாலும் ஃப்ரீயா சார்?”

அறையே சிரித்தது. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். “நீங்கள்லாம் தோக்குற ஆளாம்மா?” என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதை நீ மட்டும்தான் கவனித்தாய். உன் கையிலிருந்த ஒரிஜினல் ஃபைலைப் பிடுங்கி, என் ஃபைலோடு சேர்த்து அந்த மேசைமேல் வைத்தவள் நான்.

இரண்டாம் ஆண்டில் உன் வலது தோள் போயிற்று. சர்வீஸ் போடக் கையைத் தூக்க முடியவில்லை. ஆறு மாதம் மட்டையைத் தொடாதே என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் உன் இலவசம் ரத்தானது. சேர்ந்த நாளிலிருந்து முழுக் கட்டணத்தையும் கட்டு, இல்லையென்றால் கிளம்பு. கட்டாமல் போனால் சான்றிதழ் கிடையாது. நகரத்துக் கல்லூரி அப்போதும் உன்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்கள் கேட்டது ஒரிஜினலை மட்டும்தான்.

“நீயும் ஆபீசுக்கு வாடி. ஆட மாட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், குடுத்துருவாய்ங்க. அடுத்த வாரம் மேட்ச் இருக்குல்ல” என்றாய்.

“பிராக்டிஸ் முடிச்சுட்டு வாரேன்” என்றேன்.

வரவில்லை. வந்தால் என் இலவசமும் போய்விடும் என்று பயம். செம்மண் கோர்ட்டில் புது ஜோடியோடு ஆடிக்கொண்டே பார்த்தேன். ஆபீஸ் வராண்டாவில் கடைசி பஸ் வரைக்கும் எனக்காக உட்கார்ந்திருந்தாய். மல்லாந்து படுத்து எச்சில் துப்பினால் மார்மேல்தான் விழும். அந்தக் கல்லூரியை நான் திட்டுகிற ஒவ்வொரு முறையும் அப்படித்தான் விழுகிறது.

நான் பட்டம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கும் போய்விட்டேன். நீ சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பில் போட்டாய். ஒருமுறை அங்கே உன்னைப் பார்த்தபோது, “பி.காம் படிச்சவ செய்யிற வேலையத்தேன் நானும் செய்யிறேன், அம்புட்டுத்தேன்” என்று சிரித்தாய். ஒரிஜினல் வந்ததா என்று கேட்க அன்றும் எனக்கு வாய் வரவில்லை. போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

அழைப்பிதழைப் படித்ததும் கல்லூரிக்குப் போன் செய்தேன். உன் சான்றிதழ்களை உன் அப்பாவிடம் கொடுத்துவிடச் சொன்னேன். கிளார்க் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அந்த ஃபைல்ல டியூ நிக்கிது மேடம். கட்டுனாத்தேன் எடுக்க முடியும்.”

“அவ செத்துட்டா. அவ பேர்லதான கோப்பை குடுக்குறீங்க?”

“அது வேற செக்‌ஷன் மேடம்.”

சனிக்கிழமை விழாவுக்குப் போகிறேன். என் ஒரிஜினல்கள் என் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. என்னிடமிருந்து பிடுங்க அவர்களுக்கு இனி ஒன்றுமில்லை. அதனால் வந்த தைரியம்தான் இது, தூ! பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சேரப் போன அன்று நீ கேட்ட கேள்வி இத்தனை வருடமாக என்னோடுதான் இருக்கிறது. அதே தாளாளர் முன்வரிசையில் இருப்பார். எனக்குத் தந்த இரண்டு நிமிடத்தில் அதை மைக்கில் கேட்கிறேன். கேட்டுவிட்டு, உன் ஃபைல் மேடைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். கடைசி பஸ் போனால் போகட்டும்.