சிவப்பு நீலப் பென்சில்

இன்று உங்கள் அலமாரியை ஒழித்தபோது அந்தப் பென்சில் கிடைத்தது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். உங்கள் மூக்குப்பொடி நெடி இன்னும் அதில் இருக்கிறது. தூக்கி எறியத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணமான புதிதில், உத்தமபாளையத்தில் நாம் இருவரும் ஒரே கல்லூரியில் தாவரவியல் நடத்தினோம். உங்கள் முனைவர் பட்ட ஆய்வு பாதியில் நின்றுபோயிருந்தது. நான் அப்போதுதான் தொடங்கியிருந்தேன். மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்தால் ஒரு கோடான். புரதத்தின் ஒரே கண்ணிக்குப் பல கோடான்கள் இருக்கலாம். சூட்டைத் தாங்க உதவும் மரபணுக்களில் செடி வேறு கோடான்களை விரும்புகிறதா? அதுதான் என் கேள்வி. கம்ப்யூட்டர் ஏது நமக்கு? மதுரையிலிருந்து கொண்டுவந்த ஜெராக்ஸ் தாள்களை நீங்கள் மூன்று மூன்று எழுத்தாக வாசிப்பீர்கள், நான் கோடு போடுவேன். சூட்டு மரபணுவுக்குச் சிவப்பு, சாதா மரபணுவுக்கு நீலம். இரண்டும் பளிச்சென்று வேறுபட்டன. நான் பூரித்துப்போனேன். நீங்களும் சிரித்தீர்கள்.

மதுரைக் கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார். "சூட்டு மரபணுவ சோயாவுல எடுத்திருக்கீங்க, சாதா மரபணுவ மக்காச்சோளத்துல எடுத்திருக்கீங்க. நீங்க பாத்தது சூட்டோட வித்தியாசமா, செடியோட வித்தியாசமா?" அரங்கமே சிரித்தது. செடிக்குச் செடி அந்த விருப்பம் மாறும். கிடைத்த தாளையெல்லாம் ஆசையாகச் சேர்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை. திருத்திச் செய்கிறேன் என்று கெஞ்சியும் என் வழிகாட்டி கைவிட்டுவிட்டார். பட்டம் அத்தோடு போயிற்று.

திரும்பும் பஸ் ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது நீங்கள் கடலை உரித்துக்கொண்டே சொன்னீர்கள், "எனக்கு மொதல்லயே தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டாக்டராயிருவ. நான் அங்கன வெறும் வாத்தியாராவே ஒக்காந்திருக்கணுமாக்கும்?"

சொல்லிவிட்டு, உரித்த கடலையை என் கையில் வைத்தீர்கள். நானும் தின்றேன். அன்றிலிருந்து உங்களை வெறுத்துக்கொண்டேதான் உங்களுக்குச் சோறு போட்டேன்.

நேற்று துக்கம் கேட்க வந்த உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் எம்புட்டு நல்லவுக மதினி! எம் மகளப் படிக்க வச்சாக. ஒங்களுக்குந்தான் தெனமும் ஒக்காந்து வாசிச்சாக. யாருக்கு வரும் அந்த மனசு?"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் மகளுக்கு நீங்கள் தெய்வம். உங்கள் மாணவர்கள் வாசலில் நின்று விம்மினார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பென்சிலை நான் வைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நீங்கள் செய்ததெல்லாம் நீலம், எனக்குச் செய்தது சிவப்பு. மனசுக்குள் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை எந்த அரங்கிலும் எவரும் எழுந்து என்னைக் கேள்வி கேட்க முடியாது. இரண்டையும் ஒரே செடியில்தான் எடுத்திருக்கிறேன்.